ஒன்பது பேர் வீட்டுக்குப் பல் இன்சூரன்ஸ் பார்க்கும்போது

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். அப்பா, அம்மா, நான், மனைவி, தம்பி, தம்பி மனைவி, இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று குழந்தைகள். பெரியவர்களுக்கு விழுந்ததைக் கழித்தாலும் இருநூறு பல்லுக்கு மேல் தேறும். யாராவது ஒருத்தர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதாந்திர நிகழ்ச்சி, அதனால் இன்சூரன்ஸ் தேடி நிறைய அலைந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் குடும்பத்துக்கென்று பல்லுக்கு மட்டும் தனி பாலிசி கிடைப்பது அபூர்வம். கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஹெல்த் பாலிசியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓபி கவர்தான், அதாவது அட்மிட் ஆகாமல் வெளிநோயாளியாகப் பார்க்கிற செலவுக்கான கவர். சாதாரண ஹெல்த் பாலிசியில் பல் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். அப்பா எக்ஸ்எல் வண்டியிலிருந்து விழுந்து முன்பல் இரண்டு உடைந்தது. பாலிசி விற்ற ஏஜென்ட் "பல்லும் கவர் ஆயிருமுங்கண்ணா" என்று சொல்லியிருந்தார், அதை நம்பி பல் டாக்டரிடம் பதினாலாயிரம் கட்டிவிட்டு பில்லை அனுப்பினால் க்ளெய்ம் கிடையாது என்று கடிதம் வந்தது. ஏஜென்ட் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. விபத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிச் செய்தால் கவர் உண்டு. அப்பாவோ கிளினிக் நாற்காலியில் சாய்ந்து, ஊசி போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். சொத்தைப் பல், ரூட் கேனல், கேப், பல்செட், கிளிப் எல்லாமே இப்படி நாற்காலியில் முடிகிற வேலைகள்தான், அதனால்தான் சாதாரண பாலிசியில் இவை எதுவும் வருவதில்லை.

அதனால் வண்ண வண்ணமாக வரும் நோட்டீஸைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பாலிசி வேர்டிங்ஸ் என்று ஒரு நீளமான பிடிஎஃப் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி 'டென்டல்' என்ற சொல்லைத் தேடுங்கள். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்கிற விலக்குகள் பகுதியில் மட்டும் வந்தால் பல்லுக்காக அந்த பாலிசி வேண்டாம். ஓபி பலன்கள் பகுதியிலும் வந்தால் மேலே படியுங்கள். அங்கே பார்க்க வேண்டியது: தொகை ஆளுக்கா, குடும்பத்துக்கே சேர்த்தா? வருடா வருடமா, மூன்று வருடத்துக்கு ஒருமுறையா? வெயிட்டிங் பீரியட், அதாவது க்ளெய்ம் கேட்கக் காத்திருக்க வேண்டிய காலம், எத்தனை மாதம்? கிளிப்பும் இம்ப்ளான்ட்டும் (எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல்) அழகுக்காகச் செய்வது என்று தள்ளப்படுகிறதா? இதையெல்லாம் ஏஜென்ட்டிடம் போனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்.

அப்புறம் பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஓபி சேர்த்தால் பிரீமியம் வருடத்துக்கு 6,000 ரூபாய் கூடுகிறது, குடும்பத்துக்கு மொத்த வரம்பு 10,000 என்று வைத்துக்கொள்வோம். கேட்க லாபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த பத்தாயிரத்தில் டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அடங்கும், பல்லுக்கென்று உள்வரம்பு 3,000 இருந்தால் ஒரு ரூட் கேனலுக்கே போதாது. ஆறாயிரம் கட்டி மூவாயிரம் வாங்குவதற்கு அந்தப் பணம் நம் கையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். பல் வரம்பு கூடுதல் பிரீமியத்தைத் தாண்டினால் மட்டும் எடுங்கள். பழைய கொட்டேஷனை வைத்து ஒப்பிட வேண்டாம், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

பெரிய குடும்பத்தை ஒரே ஃப்ளோட்டரில், அதாவது ஒரே தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்கிற பாலிசியில், அடைக்கவும் பார்க்காதீர்கள். ஃப்ளோட்டரில் பிரீமியம் பெரும்பாலும் மூத்தவர் வயதை வைத்துத்தான் ஏறும், அறுபத்தெட்டு வயது அப்பாவுக்காக ஆறு வயதுக் குழந்தைக்கும் சேர்த்துத் தண்டம் அழ வேண்டாம். அப்பா அம்மாவுக்குத் தனி, நமக்குத் தனி. தம்பி குடும்பத்தை நம் பாலிசியில் சேர்க்க அநேகமாக விடவும் மாட்டார்கள்.

தம்பி பனியன் கம்பெனியில் இருக்கிறான், இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) பிடிக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது உண்டு, சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடித்தம். மனைவி, குழந்தைகளுக்கும் சிகிச்சை உண்டு, பல்லும் அதில் சேர்த்தி. கார்டை பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு தனியார் கிளினிக்கில் பணம் கட்டிக்கொண்டிருந்தான், நான்தான் திட்டி அனுப்பினேன். உங்கள் வீட்டில் யாராவது ஐடி கம்பெனியில் இருந்தால் ஹெச்ஆரிடம், கம்பெனி எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்து எடுக்கிற குரூப் பாலிசியில் பல் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள், குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் வெயிட்டிங் பீரியடும் இருக்காது.

கிளினிக்குகள் தருகிற 'ஃபேமிலி டென்டல் கார்டு' இன்சூரன்ஸ் இல்லை, தள்ளுபடிச் சீட்டு. பக்கத்துத் தெருக் கிளினிக் என்றால் வாங்கலாம், தப்பில்லை. இன்சூரன்ஸ்தானா என்று தெரிய, காகிதத்தில் யுஐஎன் (UIN) என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள், அது ஒவ்வொரு இன்சூரன்ஸ் திட்டத்துக்கும் உள்ள அடையாள எண்.

பாலிசி எடுத்தாயிற்று என்றால் பில் விஷயத்தில் கறாராக இருங்கள். "பல் சிகிச்சை – 8,000" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எந்தப் பல், என்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, டாக்டரின் பதிவு எண் எல்லாம் வேண்டும். ரூட் கேனலுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், பல்லைக் குடைந்த பிறகு அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்சூரன்ஸைவிட எங்களுக்கு அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஒரு கடைவாய்ப்பல். ஆறு வயது வாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுவோம். அது விழாது, அதுதான் நிரந்தரப் பல். என் மூத்த மகளுக்கு அது தெரியாமல் சொத்தையாகி பத்து வயதில் ரூட் கேனல் வரை போனது. சின்னவளுக்கு முளைத்ததுமே சொத்தை வராமல் தடுக்கிற சீலன்ட் என்ற பூச்சைப் பூசிவிட்டோம், இன்றுவரை பிரச்சினை இல்லை.

பெரிய செலவு வந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளை மறக்க வேண்டாம். ஈரோடு, நாமக்கல், கோவைப் பக்கம் தனியார் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன, மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், கட்டணம் குறைவு. சென்னையில் இருப்பவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு வேலைக்கு நாலு தடவை, தடவைக்கு அரை நாள் போகும். அம்மாவுக்குப் பல்செட் அப்படித்தான் செய்தோம், பஸ் செலவும் டீ செலவும் சேர்த்துக்கூட கிளினிக்கில் சொன்னதில் பாதி வரவில்லை.

இப்போது அப்பா அம்மாவுக்கு பல் இல்லாத சாதாரண பாலிசி, எங்களுக்கு ஓபி இல்லாத ஃப்ளோட்டர், தம்பிக்கு இஎஸ்ஐ. மிச்சமாகும் பிரீமியத்தை மாதம் 1,000 ரூபாயாக அம்மா பெயரில் போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் போடுகிறோம். எடுத்த பாலிசியைப் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால், கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும்.