பச்சை ஹைட்ராவை ஜன்னலோரம் வளர்ப்பது எப்படி?

பச்சை ஹைட்ரா சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நன்னீர் விலங்கு. அதன் உடலின் உள்ளடுக்கான அகப்படைச் செல்களுக்குள் குளோரெல்லா என்னும் பாசி உயிரோடு வாழ்கிறது. பாசி ஒளியில் தயாரிக்கும் மால்ட்டோஸ் சர்க்கரையில் ஒரு பங்கு ஹைட்ராவுக்குப் போகிறது. பாசிக்கு இருப்பிடமும் நைட்ரஜன் சத்தும் கிடைக்கின்றன. இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை இதை வளர்த்தெடுத்தேன்.

1. தேடுங்கள். தெளிந்த குளத்திலிருந்து ஒரு பிடி வேலம்பாசி என்னும் நீர்ச்செடியை அதே குளத்து நீரோடு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வாருங்கள். ஒரு நாள் அசைக்காமல் ஜன்னலோரம் வையுங்கள். ஹைட்ராக்கள் இருந்தால் வெளிச்சமுள்ள பக்கம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சை நூலா, ஹைட்ராவா என்று சந்தேகம் வந்தால் ஈர்க்குச்சியால் மெல்லத் தொடுங்கள். ஹைட்ரா என்றால் சுருண்டு உருண்டையாகிவிடும். 1740-இல் ஹாலந்தில் இயற்கை ஆய்வாளர் ஆபிரகாம் டிரெம்ப்ளேயும் இந்தப் பச்சை நிறத்தைப் பார்த்துத்தான் இது செடியோ என்று ஐயப்பட்டார். அதைத் தீர்க்க வெட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்ந்தது.

2. தண்ணீர். நான் இரண்டு முறை தோற்றது இங்கேதான். குழாய்நீரில் குளோரின் போகட்டும் என்று இரண்டு நாள் பிடித்துவைத்தேன். பிடித்துவைத்தது செம்புக் குடத்தில். அந்த நீரில் விட்ட மறுநாளே, வாயைச் சுற்றி இழைபோல நீளும் உணர்நீட்சிகளின் நுனி குண்டாகத் திரண்டது. பிறகு அவை குட்டையாகி, மூன்றாம் நாள் உடலே கரைந்துபோனது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துப் பாட்டிலை இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். காரணம் செம்பு. நமக்குக் கேடு செய்யாத மிகச் சிறிய அளவுகூட ஹைட்ராவைக் கொன்றுவிடும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தை மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஆர்.ஓ. நீரும் வேண்டாம், ஹைட்ராவுக்குக் கால்சியம் தேவை. என் தேர்வு, அது வாழ்ந்த குளத்து நீரையே வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவதுதான்.

*பின்சேர்க்கை:* கண்ணாடிப் பாட்டிலில் வைத்தும் இறந்துவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்ததில், பித்தளைச் சொம்பில் நிரப்பிவைத்த நீரை ஊற்றியிருக்கிறார். பித்தளையிலும் செம்பு உண்டு. மீன் தொட்டிக்கு விற்கும் நத்தை மருந்துகள் பலவற்றிலும் உண்டு. அந்தத் தொட்டி நீரையும் தவிர்த்துவிடுங்கள்.

3. இடம். நல்ல வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது. சிறு பாட்டில் வெயிலில் விரைவில் சூடேறிவிடும். கோடையில் பாட்டிலை ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் பதித்து வையுங்கள். ஏப்ரலில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

4. உணவு. பாசி இருந்தாலும் இரை தேவை. வாரம் இரண்டு முறை, முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால்வகை உயிரி) குஞ்சுகளை உப்புப் போக நல்ல நீரில் அலசிக் கொடுங்கள். சில மணி நேரம் கழித்து மிச்சத்தை இங்க் பில்லரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரை மாற்றுங்கள்.

5. பாருங்கள். எடுத்தவுடன் விலையுயர்ந்த நுண்ணோக்கி வாங்காதீர்கள். பத்து மடங்கு கைலென்ஸே பல வாரங்களுக்குப் போதும். பாசியைத் தனித்தனியாகக் காண 400 மடங்கு வேண்டும். நுண்ணோக்கிச் சில்லின் மேல் வைக்கும் மெல்லிய மூடுகண்ணாடியின் அடியில் இரண்டு தலைமுடிகளை வைத்தால் ஹைட்ரா நசுங்காது. உடலின் வெளியடுக்கான வெளிப்படை நிறமில்லாமல் தெளிவாகத் தெரியும். அதற்குள்ளே பச்சை உருண்டைகள் நெருக்கமாக அடைந்திருக்கும். முதன்முறை பார்த்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

6. சோதித்துப் பாருங்கள். இரண்டு பாட்டில்களில் பத்துப் பத்து ஹைட்ராக்களை விட்டு, இரண்டுக்கும் இரையை நிறுத்துங்கள். ஒன்றைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். இருட்டில் இருப்பவை முதலில் மெலியத் தொடங்கும். அதைக் கண்டதும் துணியை எடுத்துவிட்டு இரை கொடுங்கள். வதைக்க வேண்டியதில்லை.

நன்றாகச் சாப்பிடும் ஹைட்ராவின் இடுப்பில் சில நாட்களில் மொட்டு கிளம்பும். அதை லென்ஸில் பாருங்கள். தாயின் பாசி செல்களோடு சேர்ந்து போவதால், உணர்நீட்சி முளைக்கும் முன்பே குட்டி பச்சையாக இருக்கும்.