பிள்ளைக்கு ஆய் சரியாகப் போகலையா?

குழந்தைகள் ஓபி-யில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மலச்சிக்கல் என்று வரும் அம்மாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "சிஸ்டர், மூஞ்சி செவக்கச் செவக்க முக்குறான், வரவே மாட்டேங்குது."

எப்படி முக்குகிறான் என்று கேட்பேன். கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான், காலைப் பின்னிக்கொள்வான், குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நிற்பான், பிட்டத்தை இறுக்குவான். ஏம்மா, இது அடக்குறதும்மா. வெளிக்கிருக்க நினைக்கிற பிள்ளை குந்தும், விறைத்துக்கொண்டு நிற்காது.

இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. என்றோ ஒருநாள் கட்டியாகப் போய் வலித்திருக்கும். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தபோதோ, மாட்டுப்பாலுக்கு மாற்றியபோதோ, எல்கேஜி சேர்த்த புதிதிலோ. அந்த வலிக்குப் பயந்து அடக்கும். உள்ளே தங்கத் தங்கப் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சும். மலம் பெருத்து இறுகும். கடைசியில் வரும்போது ஆசனவாய் கீறி, மலத்தின் மேல் கோடு போல ரத்தம். அதற்கப்புறம் எந்தப் பிள்ளை மறுபடி உட்காரச் சம்மதிக்கும்?

நாள்பட்டால் ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை படும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பவர்கள் உண்டு. சோம்பேறி என்று அடிப்பவர்களும் உண்டு. உள்ளே இறுகிக் கிடக்கும் கட்டியின் ஓரமாக இளகியது கசிகிறது, அவ்வளவுதான். பிள்ளைக்கே அது தெரியாது. அடித்தால் இன்னும் அடக்கும்.

முதலில் அந்தக் கட்டி வெளியேற வேண்டும். அதற்கு டாக்டர் லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ எடைக்குத் தக்கபடி எழுதுவார். இரண்டுமே மலத்தில் தண்ணீரைத் தக்கவைத்து இளக்குபவை. பலரும் சறுக்குவது இதற்கப்புறம்தான். நாலு நாள் நன்றாகப் போனதும், "பழகிடும்" என்று பாட்டிலை மூடி வைத்துவிடுவார்கள். டாக்டர் சொன்னபடி கொடுத்தால் இந்த மருந்துகளுக்குக் குடல் அடிமையாகாது. வலிக்காது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வரும்வரை கொடுக்கவேண்டும். குறைந்தது இரண்டு மாதம் ஆகும், பலருக்கு அதற்கும் மேல். நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாகக் குறைத்துத்தான்.

போவது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட ஏழு வகைப் படம் ஒன்று உண்டு. முதல் வகை ஆட்டுப் புழுக்கை. நாலாவது நீளமாக, வழவழவென்று, மெத்தென்று. நாலாவதுதான் நமக்கு வேண்டும். தினமும் போகிறானே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்; தினமும் புழுக்கையாகப் போனாலும் சிக்கல்தான்.

உட்காரவைக்க நல்ல நேரம் சாப்பிட்ட பிறகு. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையும். காலை, இரவு உணவு முடிந்து அரைமணி நேரத்துக்குள், ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் அந்தரத்தில் தொங்கக்கூடாது. முக்காலியோ கவிழ்த்த வாளியோ வைத்து, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். இந்தியன் டாய்லெட்டின் குழியைப் பார்த்துப் பயந்தால் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நில்லுங்கள். போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள்.

சாப்பாட்டில் முதலில் பார்க்கவேண்டியது பால். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கிற பிள்ளைக்குச் சோறு இறங்காது. பாலைக் குறைத்தால் பசிக்கும். அப்போது கீரை, சுண்டல், கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை எல்லாம் உள்ளே போகும். தண்ணீரும் அடிக்கடி. ஆனால் இறுகின கட்டியை வாழைப்பழம் மட்டும் கொடுத்து இளக்கிவிட முடியாது.

பள்ளியில் கழிவறை அசிங்கமாக இருந்தாலோ, கேட்டால் மிஸ் திட்டுவார் என்றாலோ பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும். போய்ப் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி ஆசனவாயில் விடுவது, சோப்புத் துண்டு வைப்பது, விளக்கெண்ணெய் புகட்டுவது, இதெல்லாம் வேண்டாம். புண்ணாகும், பயமும் கூடும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவதும் ஆபத்து. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை, முதல் மாதம் தாண்டிய பிறகு, ஒரு வாரம் போகாமல் இருப்பதுண்டு. நன்றாகக் குடித்து, எடை ஏறி, போகும்போது இளகலாகப் போனால் பயமில்லை.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கறுப்பு மலம் போகாத குழந்தை, எடை ஏறாத குழந்தை, ரிப்பன் மாதிரி மெலிதாகப் போகிறவன், கால் பலவீனமாகித் தடுமாறுகிறவன், இவர்களுக்கு வேறு காரணம் இருக்கலாம். சீக்கிரமே டாக்டரிடம் காட்டுங்கள். வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.