முட்டைக்கோழிப் பண்ணைக்குள் நோய் நுழையாமல் தடுப்பது எப்படி?

கறிக்கோழி ஏறத்தாழ 6 வாரங்களில் கொட்டகையை விட்டுப் போய்விடுகிறது. முட்டைக்கோழியோ 70 வாரங்களுக்கு மேலும் பண்ணையில் இருக்கிறது. அத்தனை காலமும் நாள்தோறும் முட்டை வெளியே போகிறது, முட்டை அடுக்கும் அட்டைகள் உள்ளே வருகின்றன, தீவன வண்டி வந்து திரும்புகிறது. ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களின் கிருமிகளும், மூச்சு நோய் தரும் மைக்கோபிளாஸ்மா, குடலைத் தாக்கும் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களும் இந்தப் போக்குவரத்தோடு எளிதில் உள்ளே வந்துவிடும். தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர, கிருமி வாசலைத் தாண்டுவதைத் தடுக்காது.

படி 1: பண்ணையைச் சுற்றி வேலியிட்டு ஒரே வாயிலை மட்டும் பயன்படுத்துங்கள். முட்டை வண்டியும், குறிப்பாகக் கழிவுக் கோழிகளை (முட்டையிடும் காலம் முடிந்து விற்கப்படுபவை) ஏற்ற வரும் வண்டியும், பல பண்ணைகளுக்குப் போய் வருபவை என்பதால் வாயிலுக்கு வெளியிலேயே நிற்கட்டும். உள்ளே வந்தே தீர வேண்டிய தீவன வண்டியின் சக்கரங்களைச் சேறு போகக் கழுவிய பிறகே கிருமிநாசினி தெளிக்க வேண்டும்.

படி 2: ஒவ்வொரு கொட்டகையின் நுழைவிலும் குறுக்கே ஒரு தாழ்வான பலகையை வையுங்கள். வெளியில் அணிந்த செருப்பை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, பலகையின் மேல் அமர்ந்து காலைத் திருப்பி, அந்தக் கொட்டகைக்கென்றே வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸை மறுபக்கம் அணிய வேண்டும். கைகளையும் அங்கேயே கழுவ வேண்டும். கிருமிநாசினித் தொட்டியை மட்டும் நம்புவது போதாது என்பது என் உறுதியான கருத்து. எச்சமும் சேறும் ஒட்டிய காலணியைத் தொட்டியில் நனைத்தால், அந்த அழுக்கே மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். தொட்டி வைத்திருந்தால் முதலில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, பிறகு நனைத்து, கரைசல் அழுக்கானவுடன் மாற்றுங்கள்.

படி 3: முட்டை அட்டைகளைக் கவனியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். காகித அட்டையைக் கழுவிக் கிருமி நீக்க முடியாது என்பதால், வெளியே போனதைத் திரும்ப உள்ளே விடக் கூடாது. பிளாஸ்டிக் அட்டைகளைக் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, நன்றாக உலர்த்திய பின்னரே கொட்டகைக்கு அனுப்ப வேண்டும்.

படி 4: வேலையை இளம் கோழிகளிடம் தொடங்கி வயது முதிர்ந்தவற்றிடம் முடியுங்கள், நோயுற்றவை இருக்கும் கொட்டகைக்குக் கடைசியாகச் செல்லுங்கள். பணியாளர்கள் தங்கள் வீட்டில் கோழியோ வேறு பறவைகளோ வளர்க்காதிருப்பது அவசியம்.

படி 5: எலிகள் சால்மோனெல்லாவைக் கொட்டகைக்குக் கொட்டகை பரப்புகின்றன. சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டி அகற்றி, சுவரோரப் புதர்களை வெட்டி, பொந்துகளை அடைத்துவிடுங்கள். சிட்டுக்குருவியும் புக முடியாத அளவுக்குச் சிறு கண்ணுள்ள வலையால் திறப்புகளை மூடுங்கள்.

படி 6: குடிநீரைக் குளோரினால் சுத்திகரித்து, குழாயின் கடைசி முனையிலும் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதியுங்கள். தண்ணீரில் உயிர்த் தடுப்பூசி (வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியைக் கொண்டது) கொடுக்கும்போது குளோரின் இருக்கக் கூடாது. அது தடுப்பூசியையே அழித்துவிடும்.

படி 7: இறந்த கோழிகளை நாள்தோறும் அகற்றி, நாயும் காகமும் நெருங்க முடியாத மூடிய குழியில் இடுங்கள். இறப்பும் முட்டை எண்ணிக்கையும் தினமும் பதிவாக வேண்டும். இறப்பு திடீரென்று உயர்ந்தாலோ, முட்டை குறைந்தாலோ, ஓடு வெளிறி மெலிந்தாலோ, அன்றே ஆள், வண்டி, அட்டை எல்லாவற்றின் போக்குவரத்தையும் நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். இறந்த கோழியை நீங்களே அறுத்துப் பார்க்க வேண்டாம்.