சின்ன ஈரோராக் பெட்டிக்கு எந்த எஃப்எம் மாட்யூல்?

ஈரோராக் என்பது தனித்தனி மாட்யூல்களை ஒரு பெட்டியில் அடுக்கி, வயரால் இணைத்து வாசிக்கும் சிந்தசைசர் முறை. 84 எச்பி ஒற்றை வரிசைப் பெட்டியில் நமக்குக் கிடைப்பது சுமார் 427 மில்லிமீட்டர் அகலம் (எச்பி என்பது மாட்யூலின் அகல அளவு, 1 எச்பி 5.08 மிமீ). அதில் எஃப்எம்முக்கு (ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் ஆட்டி ஒலி செய்யும் முறை) இடம் ஒதுக்கும்போது பலரும் ஒலியலையை உண்டாக்கும் ஆஸிலேட்டரின் அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். கணக்கு தப்புவது அங்கேதான். எஃப்எம் ஒலிக்கு நாலு பொருள் வேண்டும்: காதில் விழும் கேரியர், அதை ஆட்டும் மாடுலேட்டர், மாடுலேட்டரின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு விசிஏ (வோல்டேஜால் அளவை மாற்றும் பெருக்கி), அந்த விசிஏவை ஓட்ட ஒரு என்வலப் (ஒவ்வொரு சுரத்துக்கும் ஏறி இறங்கும் வோல்டேஜ்). வாங்கப்போகும் மாட்யூலில் இந்த நாலில் எத்தனை உள்ளேயே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் எஃப்எம் வாங்கியும் பயனில்லை. மணியோசை பளீரென்று தொடங்கி மெல்ல மழுங்குகிறதே, அது இண்டெக்ஸ், அதாவது மாடுலேஷனின் ஆழம், உயரத்தில் தொடங்கி இறங்குவதால் வருவது. இண்டெக்ஸுக்கு சிவி (கட்டுப்பாட்டு வோல்டேஜ்) உள்ளீடு இல்லாமல் குமிழ் மட்டும் இருந்தால், எந்தச் சுரம் வாசித்தாலும் ஒரே நிறத்தில் அசையாமல் நிற்கும்.

லீனியரா, த்ரூ-ஜீரோவா

ஏறக்குறைய எல்லா ஆஸிலேட்டரிலும் ‘எஃப்எம்’ என்று எழுதிய ஒரு துளை இருக்கும். அது எக்ஸ்போனென்ஷியல் (வோல்டேஜ் ஏற ஏற அதிர்வெண் மடங்கு மடங்காக மாறுவது) என்றால் சைரன், ட்ரம் மாதிரியான ஒலிகளுக்கு ஆகும். ராகம் வாசிக்க ஆகாது. மாடுலேஷனைக் கூட்டக் கூட்டச் சுருதி மேலே ஏறிக்கொண்டே போகும்.

லீனியர் எஃப்எம் (வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் அதிர்வெண் மாறுவது) தேவலாம். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. கேரியரும் மாடுலேட்டரும் ஒரே அதிர்வெண்ணில் இருக்கும்போது இண்டெக்ஸ் 1-ஐத் தாண்டினால், கேரியர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டிவரும். சாதாரண ஆஸிலேட்டர் அங்கே நின்றுவிடும். சராசரி அதிர்வெண் ஏறி, சுருதி கலையும். த்ரூ-ஜீரோ ஆஸிலேட்டர் பின்னோக்கி ஓடத் தொடங்கும், சுருதி நிலைக்கும். இண்டெக்ஸ் 3, 4 என்று போனால்தான் எஃப்எம் சுவாரஸ்யமாகிறது, ஆகவே அனலாக்கில் த்ரூ-ஜீரோ இல்லாததை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். எஃப்எம்முக்குப் பேர்போன, 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் சிந்தசைசர் உள்ளே செய்வது உண்மையில் ஃபேஸ் மாடுலேஷன் (அதிர்வெண்ணுக்குப் பதில் அலையின் கட்டத்தை ஆட்டுவது). அந்த முறையில் மாடுலேட்டரில் டிசி (மாறாத நிலையான வோல்டேஜ்) கலந்திருந்தாலும் சுருதி நகராது. எஃப்எம்மில் நகரும்.

பெட்டிக்குள் அடங்கும் மூன்று வழிகள்

பிளெய்ட்ஸ், 12 எச்பி, பல ஒலி மாடல்கள் கொண்ட டிஜிட்டல் ஆஸிலேட்டர். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2018-இல் வெளியிட்டது. அந்நிறுவனம் மூடியாயிற்று, வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால் நகல்கள் இன்னும் வருகின்றன, அகலம் குறைத்தவையும் உண்டு. இரண்டு ஆபரேட்டர் எஃப்எம் மாடலில் (கேரியர், மாடுலேட்டர் ஒவ்வொன்றும் ஓர் ஆபரேட்டர்) ஹார்மானிக்ஸ் குமிழ் ரேஷியோ, அதாவது இரண்டின் அதிர்வெண் விகிதம், டிம்பர் இண்டெக்ஸ், மார்ஃப் ஃபீட்பேக். ட்ரிக் துளையில் கேட் (சுரம் தொடங்குவதைச் சொல்லும் சிக்னல்) செருகி, டிம்பர் சிவி துளையைக் காலியாக விடுங்கள். பக்கத்திலுள்ள சின்னக் குமிழைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தேய்மான என்வலப் நேராக இண்டெக்ஸை ஓட்டும். ஒலியளவை உள்ளிருக்கும் லோ-பாஸ் கேட் (ஒலியளவையும் பளபளப்பையும் சேர்த்துக் குறைக்கும் பகுதி) பார்த்துக்கொள்ளும். அதாவது நாலும் 12 எச்பிக்குள் முடிந்தது. ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள் ஓடும் மென்பொருள்) 1.2-இல் ஆறு ஆபரேட்டர் மாடலும் சேர்ந்தது: 32 ஒலிகள் கொண்ட மூன்று தொகுதிகள். வாங்கும்போது எந்த ஃபர்ம்வேர் என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு குறை: முகப்பிலுள்ள எஃப்எம் துளை ஆடியோ வேகத்துக்கானதல்ல. இன்னொரு ஆஸிலேட்டரை அதில் செருகி எஃப்எம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பெஃபாக்கோ போனி விசிஓ (வோல்டேஜால் ஓட்டும் ஆஸிலேட்டர்), 4 எச்பி. இது ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அப்போதும் 8 எச்பிதான். த்ரூ-ஜீரோ உள்ளீட்டுக்குத் தனி அளவுக் குமிழ் இல்லை. அது குறையாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு போனியிலும் ஒரு விசிஏ இருக்கிறது. மாடுலேட்டர் போனியை சைன் அலையில் வைத்து, அதன் விசிஏ துளைக்கு என்வலப்பைக் கொடுத்து, வெளியீட்டைக் கேரியர் போனியின் த்ரூ-ஜீரோ துளைக்குக் கொண்டுபோங்கள். இண்டெக்ஸ் என்வலப் தயார். கேரியரின் விசிஏவுக்கு இன்னொரு என்வலப் கொடுத்தால் முழு வாய்ஸ். 8 எச்பியில் ஒரு இரட்டை என்வலப் சேர்த்தால் மொத்தம் 16. சிறிய பெட்டிக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான், வயர் செருகும் வேலை கொஞ்சம் கூடும் என்றாலும்.

டோப்ஃபர் ஏ-110-4, 8 எச்பி, அனலாக் த்ரூ-ஜீரோ. சைன், கோசைன் இரண்டும் வெளியே வரும். ஒலி அழகு. ஆனால் மாடுலேட்டர், விசிஏ, என்வலப் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். 30 எச்பியைத் தொட்டுவிடும். 62 எச்பி பெட்டிக்காரர்கள் இதை விட்டுவிடலாம். ஏஎல்எம்மின் அகேமீஸ் காசில் போன்ற நாலு ஆபரேட்டர் மாட்யூல்கள் பெட்டியின் பெரும் பகுதியை விழுங்கும்.

சுருதி எங்கே கெடுகிறது

கேரியர் 220 ஹெர்ட்ஸ், மாடுலேட்டர் 440 என்று 1:2 ரேஷியோ வைத்தால் 220, 660, 1100 என ஒற்றைப்படை ஹார்மானிக்ஸ் மட்டும் வரும், கிளாரினெட் சாயலில். மாடுலேட்டர் 441-க்கு நகர்ந்தால் கீழ்ப்பக்கப் பட்டை (கேரியருக்குக் கீழே எஃப்எம் உண்டாக்கும் அதிர்வெண்) 221-இல் விழுந்து, 220-உடன் மோதி, வினாடிக்கு ஒருமுறை ஒலி அலைபாயும். ரேஷியோவை உள்ளேயே பூட்டிவைக்கும் டிஜிட்டல் மாட்யூலில் இந்தத் தொல்லை இல்லை. தனித்தனி ஆஸிலேட்டர் இரண்டென்றால், இரண்டையும் மூன்று ஆக்டேவ் வாசித்துப் பார்த்து ட்யூன் செய்யுங்கள்.

இரண்டுக்கும் ஒரே சுருதி வோல்டேஜ் போக வேண்டும். சீக்வென்சரின் (சுரங்களை வரிசையாக அனுப்பும் கருவி) வெளியீட்டு மின்தடை 1 கிலோஓம், ஒவ்வொரு உள்ளீடும் 100 கிலோஓம் என்றால், சாதாரண மல்டிப்பிளில் (ஒரு சிக்னலைப் பல துளைகளுக்குப் பிரிப்பது) பிரிக்கும்போது வோல்டேஜ் சுமார் 2% இறங்கும். ஆக்டேவுக்கு ஏறக்குறைய 23 சென்ட் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்) குறையும். இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் ஒலியின் நிறம் மாறாது, ஆனால் பக்கத்து வாத்தியத்தோடு சுருதி சேராது. பஃபர் (வோல்டேஜ் இறங்காமல் காக்கும் சுற்று) உள்ள மல்டிப்பிள் வாங்குங்கள்.

டிஜிட்டலுக்கு வேறொரு நோய். பக்கப் பட்டைகள் மாடுலேட்டர் அதிர்வெண்ணை இண்டெக்ஸ் கூட்டல் ஒன்றால் பெருக்கிய தூரம் வரை பரவும். கேரியர் 2000, ரேஷியோ 3.5, இண்டெக்ஸ் 5 என்று வையுங்கள்: 2000 + 6 × 7000 = 44,000 ஹெர்ட்ஸ். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48,000 மாதிரிகளில், ஓடும் மாட்யூல் அதில் பாதியான 24,000-க்கு மேல் தாங்காது. அந்த 44,000 மடங்கி 4,000-இல் வந்து விழும். மேல் சுரங்களில் கேட்கும், எந்தச் சுருதியிலும் சேராத கீச்சு அதுதான். வாங்குமுன் உச்ச ஆக்டேவில் இண்டெக்ஸை முழுக்கத் திருப்பிக் கேளுங்கள். கீச்சிட்டால், மேலே போகும்போது இண்டெக்ஸைக் குறைக்கும்படி சுருதி வோல்டேஜைத் தலைகீழாக்கி இண்டெக்ஸ் சிவியில் கலக்கலாம்.

பணம் கொடுக்குமுன்

பெட்டியின் ஆழத்தை அளந்து, மாட்யூலின் ஆழத்தோடு பவர் கேபிளின் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள். +12 வோல்ட் வரிசையில் எல்லா மாட்யூலின் மில்லிஆம்பியரையும் கூட்டி, கால் பங்கு மிச்சம் வையுங்கள். பிளெய்ட்ஸுக்கு +12-இல் 50, −12-இல் 5 போதும். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு −12 பக்கம் இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் பாதுகாப்பு டயோடு இல்லாத மாட்யூல் அங்கேயே போய்விடும்.

விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் போனியும் இருக்கிறது, பிளெய்ட்ஸும் ‘மேக்ரோ ஆஸிலேட்டர் 2’ என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் பெட்டியின் எச்பி அளவுக்கே அங்கே ஒரு வரிசை அடுக்கி, ஒரு வாரம் அதில் மட்டும் வாசியுங்கள். எந்தக் குமிழை அடிக்கடி தொடுகிறீர்கள் என்று கவனியுங்கள். அதற்கு சிவி உள்ளீடு இல்லாத மாட்யூலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.