தேரையைத் தவளையாக எண்ணிச் செய்யும் தவறுகள்

மழை நாளில் வீட்டுக்குள் வந்துவிட்ட தேரையைப் பிடித்துக் கிணற்றிலோ தண்ணீர்த் தொட்டியிலோ விடுவதைப் பலர் உதவி என்றே நினைக்கிறார்கள். ஆனால் அது தேரையின் உயிருக்கே உலை வைத்துவிடும். தவளைக்கு நீண்ட பின்னங்கால்களும் வழவழப்பான உடலும் உண்டு. நம் ஊர்களில் பரவலாகக் காணப்படும் தேரையோ குட்டைக் கால்களும் பருத்த உடலும் கொண்டது. தரையில் சிறு சிறு தத்தல்களாக நகர்வதற்கே அதன் உடல் அமைந்திருக்கிறது. முட்டையிடும் காலத்தில் மட்டும் அது குளம் குட்டைகளை நாடிச் சென்று, நீரில் சரம் சரமாக முட்டையிட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பிவிடும். செங்குத்தான சுவருள்ள தொட்டியில் விட்டால், ஏற வழியின்றி நீந்திக் களைத்து மூழ்கிவிடும்.

இதைவிடக் கொடியது, தேரையை விரட்ட உப்புத் தூவுவது. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈர மண்ணில் வயிற்றைப் பதித்து அமர்ந்து, அடிவயிற்றுத் தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மேல்தோல் தடித்துச் சொரசொரப்பாக இருந்தாலும், உப்பு அந்த உடலின் நீரை வெளியே இழுத்துவிடும். அது துடிதுடித்துச் சாகும். பகலில் பூந்தொட்டியின் அடியிலும் கல்லிடுக்கிலும் பதுங்கிக் கிடப்பதும், இரவில் மட்டும் விளக்கடியில் பூச்சி பிடிக்க வருவதும் இந்த நீரைக் காத்துக்கொள்ளத்தான். ஆகவே தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது ஈரமான மறைவிடங்கள் சிலவற்றையாவது விட்டுவைக்க வேண்டும்.

தேரை மோந்த தேங்காய் ஒல்லியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அதன் விரல்களே மறுப்பு. மரத்தவளையின் விரல் நுனிகளில் ஒட்டிப் பிடிக்கும் வட்டுகள் உண்டு. தேரைக்கு அவை இல்லாததால் தென்னையின் உச்சிக்கு ஏறுவது அதற்கு இயலாத காரியம். மகரந்தச் சேர்க்கைக் குறைபாடும் சாம்பல்சத்து, போரான் போன்ற சத்துக் குறைபாடுகளுமே தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள். தேரையைப் பழித்துக்கொண்டிருந்தால் மரத்துக்கு உரிய உரம் போய்ச் சேராது.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் தவறு. மனிதருக்கு மரு வருவது ஒருவகை வைரஸால். தேரையின் முதுகில் உள்ள முண்டுகளோ சுரப்பிகள். அதற்காக அலட்சியமும் கூடாது. கண்ணுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை போலப் புடைத்திருக்கும் சுரப்பியிலிருந்து, வேகமாக ஓடித் தப்ப இயலாத இந்த உயிர் பால் போன்ற நஞ்சைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. நாய் அதைக் கவ்விவிட்டால், வாயைத் துடைத்துக் கழுவி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தேரையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காமல், முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.