பழைய கம்பஸ் ஏடுகள் கைக்கு வந்தால் செய்யக்கூடாதவை

மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் ஒரு வீட்டில் ஓடு மாற்றும்போது, கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஷொப்பிங் பையில் சுற்றிய தாள்கள் அகப்பட்டன. எல்லாம் றோணியோ என்ற படியெடுக்கும் பொறியில் ஓட்டியவை, நாலு பக்கமும் ஆறு பக்கமுமாக. கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் இரவில் எழுதி, விடுதிக் கதவுகளுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போன ஏடுகள் அவை. வீட்டுக்காரர் அவற்றை என்னிடம் தந்தார்.

நான் செய்த முதல் தவறு, உடனே படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டது. எங்கேயும் பெயர் இல்லையே, யாருக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு அம்மா அழைத்தார். “அது என்ட கையெழுத்து மனே, எடுத்து விடுங்க” என்றார்.

றோணியோவுக்கு மெழுகுத்தாளில் ஊசியால் எழுத வேண்டும், அல்லது தட்டச்சு செய்ய வேண்டும். தமிழ்த் தட்டச்சுப் பொறி எல்லாருக்கும் கிடைக்காது, கிடைத்தாலும் எந்தப் பொறி என்று எழுத்தின் தேய்மானமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பலர் கையால் எழுதினார்கள். பெயரை மறைத்தாலும் கையெழுத்தை மறைக்க முடியவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் ஒருவரை வழக்கே இல்லாமல் 18 மாதம் வரை தடுத்து வைக்க இடம் கொடுத்தது. இராணுவச் சுற்றிவளைப்பும், முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியும் இருந்த காலத்தில் பையில் ஒரு தாள் இருந்தாலே போதும். பயந்தது இராணுவத்துக்கு மட்டும் இல்லை; ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்களை விமர்சித்து எழுதியவர்களும் அதே அளவு பயந்தார்கள். எழுதியவர்கள் பலர் இன்று நம்மோடு பஸ்ஸில் வருபவர்கள். அவர்கள் சரி என்று சொல்லும் முன் நாம் அவர்களை வெளியே இழுக்கக் கூடாது. ஆகவே கையெழுத்து, ஓரத்துக் குறிப்பு, பின்பக்கத்தில் யாரோ எழுதிய முகவரி எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை எதையும் பகிராதீர்கள். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கும்போதும் இந்தச் சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது திகதி. இந்த ஏடுகளில் பெரும்பாலும் திகதி இருக்காது, நாமே ஊகித்து எழுதிவிடுகிறோம். உள்ளேயுள்ள பெயர்களைப் பாருங்கள். வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கியது மட்டக்களப்பு பல்கலைக்கழகக் கல்லூரி, அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது 1986இல். ‘கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்’ என்று கையொப்பமிட்ட தாளை 1983 இனக்கலவரத்தோடு சேர்க்க முடியாது. இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகம் ஆனது. கல்முனையை ‘மட்டக்களப்பு மாவட்டம்’ என்று எழுதியிருந்தால், அந்த ஊர் சேர்ந்த அம்பாறை 1961இல் தனி மாவட்டமானதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய வழக்கத்தில் பிறகும் அப்படி எழுதியவர்கள் உண்டு, அந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

‘அனைத்து மாணவர்கள்’ என்று அடியில் போட்டிருப்பதை அப்படியே நம்புவதும் பிழைதான். இரண்டு பேர் எழுதினாலும் அப்படித்தான் போடுவார்கள், அது தலையைக் காப்பாற்றும் வழி. படிகள் கொஞ்சம்தானே என்று வாசித்தவர்களைக் குறைத்து எண்ணுவதும் சரியில்லை. விடுதியில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள், அப்புறம் தாள் அடுப்புக்குப் போகும். அதனால்தான் நம் கையில் இவ்வளவு குறைவு. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அப்படியான இடத்தில் உயிரைக் காக்க ஓடியவர்களிடம் போய் ‘ஏன் பத்திரப்படுத்தவில்லை’ என்று கேட்காதீர்கள்.

விடுதித் தண்ணீர், சாப்பாடு, மகாபொல உதவித்தொகை பிந்தியது, பகிடிவதை (ராகிங்) என்று வரும் தாள்களை ‘இதில் அரசியல் இல்லை’ என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறும். பகிஷ்கரிப்புகள் அனேகம் தண்ணீரிலும் சோற்றிலும்தான் தொடங்கின. அதேபோல வந்தாறுமூலைத் தாள்களை மட்டும் சேர்த்து ‘கிழக்கு மாணவர் வரலாறு’ என்று பெயர் வைக்க வேண்டாம். போரால் வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களின் நிலைதான் ஒலுவில் வளாகம் பிறந்ததற்கு முக்கிய காரணம். அந்தப் பிள்ளைகளின் தாள்கள் இல்லாத கதை பாதிக் கதை.

அமெரிக்காவில் அறுபதுகளில் வந்த ‘தலைமறைவு’ ஏடுகளோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். பெர்க்லியில் 1965இல் தொடங்கிய ‘பெர்க்லி பார்ப்’ தெருவில் விலைக்கு விற்ற தாள். அங்கும் பொலிஸ் தொல்லை இருந்தது, என்றாலும் இங்கே தலைமறைவு என்பது உண்மையிலேயே ஒளிவது. நாஜி ஜெர்மனியின் மியூனிச்சில் 1943 பெப்ரவரி 18 அன்று பல்கலைக்கழகத்துக்குள் துண்டுப்பிரசுரம் வைத்துப் பிடிபட்டு, நான்கே நாளில் கொல்லப்பட்ட ஹான்ஸ், சோஃபி ஷோல்தான் நம் பிள்ளைகளுக்குக் கிட்ட நிற்கிறார்கள்.

தாளைப் பேணுவது பற்றிச் சுருக்கமாக: லமினேட் செய்யாதீர்கள், திரும்ப எடுக்க முடியாது. செலோடேப் ஒட்டாதீர்கள். ஈரத்தாளை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். துருப்பிடித்த கம்பியை இழுக்காமல் மெதுவாக நிமிர்த்திக் கழற்றுங்கள். வாவிக்காற்றும் மாரி ஈரமும் கறையானும் உள்ள ஊரில் பெட்டியை நிலத்தில் வைக்க வேண்டாம்.

அந்த அம்மா பிறகு வீட்டுக்கு வந்து நான்கு பக்கத்தையும் வாசித்தார், ஒரு எழுத்துப்பிழையைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். எரிக்கவா வைக்கவா என்று கேட்டேன். வைக்கச் சொன்னார். உறையின் மேல், அவர் இருக்கும்வரை திறக்க வேண்டாம் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.