நாற்றுக்கு டியூப் லைட்: கெல்வின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் வரும் தவறுகள்

வீட்டுக்குள் நாற்று வளர்க்க ஃப்ளோரசன்ட் டியூப் லைட் வாங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது அட்டையில் இருக்கும் கெல்வின் எண்ணைத்தான். 2700 என்றால் மஞ்சள், 4000 என்றால் இளவெள்ளை, 6500 என்றால் நீலம் கலந்த பகல் வெள்ளை. நம் கண்ணுக்கு வெளிச்சம் எந்த நிறமாகத் தெரியும் என்பதைத் தாண்டி அந்த எண் எதையும் சொல்வதில்லை. இலைக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேரும் என்பதற்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

"6500-ல் சிவப்பே இருக்காது, 2700-ல் நீலமே இருக்காது" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. இன்றைய நல்ல டியூப்களுக்குள் மூன்று வகைப் பாஸ்பர் (ஒளிரும் பொடி) பூச்சு இருக்கும். ஒன்று 450 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே நீலத்தையும், ஒன்று 545 அருகே பச்சையையும், ஒன்று 611 அருகே சிவப்பையும் தரும். கெல்வின் மாறினால் இவற்றின் விகிதம்தான் மாறும். லெட்டூஸ், துளசி போன்ற இலைச் செடிகளை விதை முதல் அறுவடை வரை 6500 டியூப் ஒன்றின் கீழேயே வளர்க்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு வேறு. நாற்று மெலிந்து நெட்டையாக வளர்ந்து சாய்கிறது. உடனே நிறம்தான் காரணம் என்று டியூப்பை மாற்றுகிறார்கள். நீல ஒளி தண்டு நீள்வதைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மைதான், அதனால் நாற்றுக்கு 6500 நல்ல தேர்வு. ஆனால் டியூப் 40 செ.மீ. உயரத்தில் தொங்கினால் எந்த நிறம் போட்டாலும் நாற்று நெட்டையாகத்தான் போகும். ஒற்றை டியூப்பின் அருகில், தூரம் இரண்டு மடங்கானால் ஒளி ஏறக்குறைய பாதியாகிவிடும். 36 வாட்ஸ் டி8 (தடித்த வகை) டியூப்பை இலை நுனியிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயரத்திலும், 54 வாட்ஸ் டி5 (மெல்லிய வகை) டியூப்பை 10 முதல் 15 செ.மீ. உயரத்திலும் வையுங்கள். சங்கிலியில் தொங்கவிட்டால் செடி வளர வளர உயர்த்திக்கொள்ளலாம். 1.2 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலமுள்ள தட்டுக்கு இரண்டு 36 வாட்ஸ் டியூப்களும் மேலே வெள்ளைப் பிரதிபலிப்பானும் தேவை. டியூப்பின் இரு முனைகளிலும் ஒளி குறைவு. அங்குள்ள தொட்டிகளை அவ்வப்போது நடுவுக்கு இடம் மாற்றுங்கள்.

லக்ஸ் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) இருந்தால் இலை மட்டத்தில் அளந்து பாருங்கள். நாற்றுக்கு 11,000 முதல் 18,000 லக்ஸ் வரை, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் போதும். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, செடிக்கு ஓரளவு தோராயம்தான். இருந்தாலும் கண்ணால் மதிப்பிடுவதைவிட எவ்வளவோ மேல். 24 மணி நேரமும் எரியவிட்டால் வேகமாக வளரும் என்று நினைக்க வேண்டாம். தக்காளி இலைகள் தொடர் வெளிச்சத்தில் வெளுத்துப் புள்ளி விழும்.

பூக்க வைப்பதற்காக மஞ்சள் டியூப்புக்கு மாறுவதும் பாதிதான் சரி. சாமந்தி போன்ற குறும்பகல் செடிகள் (பகல் குறுகி இரவு நீண்டால் பூப்பவை) பூப்பதை முடிவு செய்வது இரவின் நீளம். நாளுக்கு 16 மணி நேர வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு 2700-க்கு மாறினால் மொட்டு வராது. நடு இரவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டாலும் கெடும். அதில் சிவப்பு கூடுதலான மஞ்சள் விளக்கே அதிகம் கெடுக்கும். தக்காளிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நீலம், சிவப்பு இரண்டும் வேண்டும் என்றால் ஒரு 6500, ஒரு 3000 என்று ஜோடியாகப் போடுங்கள்.

டியூப்பின் மேல் அச்சிட்ட மூன்று இலக்கத்தைப் படிக்காமல் விடுவதும் தவறுதான். 865-ல் 8 என்பது நிறத் துல்லியம் 80-க்கு மேல் என்பதையும், 65 என்பது 6500 கெல்வினையும் குறிக்கும். 765 என்றிருப்பது பழைய வகைப் பூச்சு: அதே 36 வாட்ஸுக்கு 865 ஏறக்குறைய 3,250 லுமென் (டியூப் தரும் மொத்த ஒளியின் அளவு) தரும், 765 தருவது 2,500 அளவில்தான். நிறம் ஒன்று, ஒளியில் கால்வாசி போச்சு!

டி5-ல் இன்னொரு பொறி உண்டு. 28 வாட்ஸும் 54 வாட்ஸும் ஒரே நீளம், ஒரே தடிமன். டியூப் மாட்டும் பட்டியில் இரண்டும் பொருந்தும். 28-க்கான சோக்கில் 54 டியூப்பைப் போட்டால் மங்கலாக எரியும், மாற்றிப் போட்டால் டியூப் சீக்கிரம் போய்விடும். வேண்டிய நிறம் கிடைத்த மகிழ்ச்சியில் சோக்கில் எழுதியிருக்கும் வாட்ஸைப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.

சிஎஃப்எல் வாங்கினால் "100 வாட்ஸுக்குச் சமம்" என்ற வரியை விட்டுவிட்டு உண்மையான வாட்ஸை மட்டும் கணக்கில் எடுங்கள். பெரும்பாலும் அது 23 வாட்ஸ்தான். மீன்தொட்டிக்கென விற்கும் 420 நானோமீட்டர் நீல டியூப்பும் புற ஊதா டியூப்பும் நாற்றுக்கு வேண்டாம்.